முடிவைச் சொல்லும் முசே

முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். போன ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் நாலு மணிக்கு, ஒரு மாடி ஹாலில், ஐம்பது பேர் முன்னிலையில் நின்று நான் மன்னிப்பு கேட்டேன்.

ஆமாம், நானேதான்! முப்பது வருஷம் இங்கிலீஷ் டீச்சராக இருந்து, அடுத்தவர்களை மன்னிப்பு கேட்க வைத்தே பழகியவள். விஷயம் தெரிந்ததும் என் வீட்டுக்காரர் "நீயா?" என்று இரண்டு தடவை கேட்டார். இரண்டாவது தடவை கொஞ்சம் சந்தோஷமாகவே கேட்டார்.

வழக்கமாக நான் எதையும் முடிவிலிருந்து ஆரம்பிப்பவள் இல்லை. கடைசி வரி வரைக்கும் உங்களை இழுத்தடிப்பதுதான் என் பழக்கம். இந்த வாரம் மட்டும் ஏன் இப்படி? காரணம் இருக்கிறது... சொல்கிறேன்.

புதுச்சேரியில் எங்களுக்கு ஒரு ஃபிலிம் சொசைட்டி இருக்கிறது. மாதத்தில் இரண்டு ஞாயிற்றுக்கிழமை வெளிநாட்டுப் படம் போடுவார்கள். ஈரான், போலந்து, ஜப்பான், சிலி — எந்த நாடு வேண்டுமானாலும் வரும். தியேட்டரெல்லாம் கிடையாது. ஒரு பழைய கட்டடத்தின் மாடி, பிளாஸ்டிக் நாற்காலிகள், ஒரு புரொஜெக்டர், ஜன்னல்களுக்குக் கறுப்புத் துணி, மூன்று ஃபேன். அதில் ஒரு ஃபேன் கடகடவென்று சத்தம் போடும். ஆகவே சண்டைக் காட்சி வந்தால் மட்டும் அதைப் போடுவார்கள். அமைதியான படமாக இருந்தால் வேர்த்துக்கொண்டே பார்க்க வேண்டியதுதான்.

ரிட்டயர் ஆனதிலிருந்து, ஒன்றரை வருஷமாக, ஒரு காட்சி விடாமல் போகிறேன். இரண்டாவது வரிசை, நடு நாற்காலி. உலகத்தில் எனக்கென்று ஒரு இடம் உண்டு என்றால் அதுதான்.

சொசைட்டியின் செயலாளர் லூர்துநாதன். எழுபதைத் தாண்டியவர். பிரெஞ்சு குடியுரிமை உள்ள குடும்பம். பிரெஞ்சு ராணுவத்தில் வேலை பார்த்துவிட்டு, பென்ஷனோடு ஊர் திரும்பியவர். வெயிலானாலும் மழையானாலும் இஸ்திரி கலையாத முழுக்கைச் சட்டை. அப்படிப்பட்டவர்களை எங்கள் ஊரில் பழைய ஆட்கள் 'முசே' என்று மரியாதையாகக் கூப்பிடுவார்கள். இவருக்கு அதுவே பெயராக நிலைத்துவிட்டது.

விளக்கை அணைப்பதற்கு முன்னால் முசே எழுந்து வருவார். கையில் ஒரு நாற்பது பக்க நோட்டு. பத்து, பன்னிரண்டு நிமிஷம் கதை சொல்வார். தமிழில், முழுக் கதையையும். முழு என்றால் முழு... முடிவு உட்பட!

நான் சேர்ந்த புதிதில் கேட்ட ஒரு கதையை அப்படியே தருகிறேன், கேளுங்கள்.

"இவன் பேரு நம்ம வாயில நுழையாது. ஆறுமுகம்னு வெச்சுக்குங்க. ஆறுமுகம் பனியில தம்பிய தேடிக்கிட்டு போறான். நாலு நாள் நடக்கறான். தம்பி மொத நாளே செத்துட்டான். அது ஆறுமுகத்துக்குக் கடைசியிலதான் தெரியும். அழுவாம உக்காந்துட்டு இருப்பான், மூஞ்சிய நல்லா பாருங்க. சரி, இப்ப படம் பாக்கலாம்."

எனக்கு எப்படி இருந்திருக்கும்? இரண்டு மணி நேரம் பனியில் நடக்கத் தயாராக வந்தவளிடம், 'தம்பி செத்துட்டான், நீ நட' என்றால்? ஒரு வருஷத்துக்கு மேல் பல்லைக் கடித்துக்கொண்டிருந்தேன். ஒரு நாள் முடியவில்லை. பேப்பரில் வாராவாரம் நான் எழுதும் இந்தப் பத்தியில் எழுதியே விட்டேன்.

ஞாபகம் இருக்கிறதா? ஊர் பேர் சொல்லாமல் எழுதியதாக எனக்கு நினைப்பு. எங்கள் ஊரில் அத்தனை பேருக்கும் யாரென்று தெரிந்தது. ஐரோப்பாவின் பனிமலைக்கு ஆறுமுகத்தை அனுப்பி வைத்ததைக் கிண்டலடித்து அரைப் பக்கம். நீங்களும் விழுந்து விழுந்து சிரித்ததாக எழுதியிருந்தீர்கள். ஆக, இந்தப் பாவத்தில் உங்களுக்கும் பங்கு உண்டு. நழுவ வேண்டாம்.

அச்சில் வந்துவிட்டதே என்று கமிட்டிக்காரர்களுக்குக் கூச்சம். முசேவிடம் பேசியிருக்கிறார்கள். அடுத்த காட்சியில் அவர் எழுந்து வந்து எந்த நாடு, யார் டைரக்டர், எத்தனை நிமிஷம் என்று மூன்றே வரி சொல்லிவிட்டு உட்கார்ந்தார். கையில் நோட்டு இல்லை. என் பக்கம் திரும்பக்கூட இல்லை. எனக்கோ தலைகால் புரியவில்லை! எழுத்துக்கு இவ்வளவு சக்தியா என்று காலரைத் தூக்கிவிட்டுக்கொள்ளாத குறை.

இந்த இடத்தில் கூடைகளைப் பற்றிச் சொல்ல வேண்டும். அந்தக் கட்டடத்தின் மாடிப்படிக்கு அடியில், படம் போடும் நாட்களில், ஐந்து அலுமினியக் கூடைகள் கழுவிக் கவிழ்த்து வைக்கப்பட்டிருக்கும். லேசாக மீன் வாடை அடிக்கும். மூக்கைப் பிடித்துக்கொண்டு மேலே ஏறிவிடுவேன். அவை யாருடையவை என்று ஒரு நாளும் நான் யோசித்ததில்லை.

என் வெற்றிக்கு அடுத்த காட்சியில் கூடைகள் இல்லை. மேலே போனால் கடைசி இரண்டு வரிசை காலி. முகூர்த்த நாள், கல்யாணத்துக்குப் போயிருப்பார்கள் என்று நினைத்தேன். அதற்கடுத்த காட்சியிலும் காலி. அதற்கும் அடுத்ததிலும். ஊரில் தினமுமா முகூர்த்தம்?

பதில் பெரிய மார்க்கெட்டில் கிடைத்தது. படம் இல்லாத ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, சங்கரா மீன் வாங்கக் குனிந்தேன். கடைக்காரம்மா என் முகத்தையே பார்த்தாள்.

"நீ அந்தப் படம் போடற எடத்துக்கு வர்ற டீச்சரம்மாதான? முன்னால உக்காருவியே, கண்ணாடி போட்டுக்கினு?"

பெயர் கன்னியம்மா. கனகசெட்டிக்குளத்துக்காரி. ஞாயிறு வியாபாரம் முடிந்ததும் கூடையைக் கழுவி, பக்கத்தில் விற்கும் இன்னும் நாலு பேரைச் சேர்த்துக்கொண்டு, படம் பார்த்துவிட்டுத்தான் ஊருக்கு பஸ் ஏறுவாளாம். அஞ்சு வருஷமாக! அதாவது என்னைவிட சீனியர். கூடைகளின் சொந்தக்காரி என் எதிரில் உட்கார்ந்திருந்தாள்.

"இப்பல்லாம் காணோமே?" என்றேன்.

"வந்து இன்னா பண்றது டீச்சரம்மா? முசே கதை சொல்றத நிறுத்திட்டாரு. அடியில இங்கிலீஷுல எழுத்து ஓடுது. எங்களுக்கு அது எறும்பு ஓடற மாதிரிதான். எவளோ ஒரு பொம்பள அவரப் பத்தி பேப்பர்ல கன்னாபின்னான்னு எழுதிட்டாளாம். மனுசன் ஒடிஞ்சு போயிட்டாரு." ஒரு மீனைப் புரட்டிப் போட்டாள். "வாரத்துல ஏழு நாளும் கூடையத் தூக்கிக்கினு அலையறோம். அந்த ரெண்டு மணி நேரந்தான் ஒரு ஆளு மாதிரி சேருல உக்காந்திருந்தோம். அவளுக்கு நாங்க இன்னா கெடுதல் பண்ணோம், சொல்லு?"

"யாரோ... என்னவோ..." என்று முனகினேன். அன்றைக்கு என் வீரம் அவ்வளவுதான்.

முனகியதோடு நிறுத்தினேனா? வாய் சும்மா இருக்குமா? "ஆனா கன்னியம்மா, முடிவு தெரிஞ்சுபோச்சுன்னா அப்புறம் பாக்கறதுக்கு என்ன இருக்கு?" என்று கேட்டும் வைத்தேன்.

அவள் என்னைப் பார்த்த பார்வை! கெட்டுப்போன மீனை யாராவது நல்ல மீன் என்று சொன்னால் பார்ப்பாளே, அந்தப் பார்வை.

"கூத்துல யாரு சாவப்போறாங்கன்னு ஊருக்கே தெரியும். தெரிஞ்சுதான விடிய விடிய உக்காந்திருக்கோம்? முடிவு தெரிஞ்சாதான நிம்மதியா மூஞ்சியப் பாக்கலாம். அந்தக் குளிரு நாட்டு மீன்காரி படம் பாத்தியா நீ?"

பார்த்திருக்கிறேன். ஒரு வடகடல் கிராமம். புருஷனோடு பேசாமலே வாழும் ஒரு பெண். கடைசியில் வீட்டைவிட்டுப் போய்விடுவாள். நல்ல படம்.

"அவ வூட்ட வுட்டுப் போயிடுவான்னு முசே முன்னாலயே சொல்லிட்டாரு. எந்த எடத்துல முடிவு பண்றா, சொல்லு பாப்போம்?"

"அந்தக் கடிதம் வரும்போது..." என்றேன், பரீட்சை எழுதும் பிள்ளை மாதிரி.

"மண்ணாங்கட்டி. அதுக்கு முன்னாலயே. மீன் கழுவற எடத்துல. புருஷன் அவன் பாட்டுக்கு இன்னாவோ பேசிக்கினு இருக்கான். இவ வாயே தொறக்கல. செவுள ஒரு இழுப்பு இழுத்தா பாரு... அங்க. நான் பக்கத்துல இருந்தவகிட்ட சொன்னேன், கெளம்பிட்டாடீன்னு."

எனக்கு அந்தக் காட்சி ஞாபகம் இருக்கிறது. அதாவது, அந்தக் காட்சியின் சப்டைட்டில் ஞாபகம் இருக்கிறது. புருஷன் காற்று எந்தத் திசையில் அடிக்கிறது என்று பேசிக்கொண்டிருந்தான். ஒரு எழுத்து விடாமல் படித்தேன். ஒரு இடத்தில் ஸ்பெல்லிங் தப்பு இருந்ததுகூடத் தெரியும். அவள் கை என்ன செய்தது? தெரியாது. நான் திரையின் அடிப்பக்கத்தில் அல்லவா இருந்தேன்!

இத்தனை காலமாக நான் உலகப் படங்களைப் படித்திருக்கிறேன். மீன் விற்றுவிட்டு வந்த இவள்தான் அவற்றைப் பார்த்திருக்கிறாள். மார்க்கெட் நடுவில் நின்றுகொண்டு எனக்குச் சிரிப்பும் வந்தது, கண்ணும் கலங்கியது.

"அடுத்த ஞாயிறு வாங்க. நாலு பேரையும் கூட்டிக்கிட்டு வாங்க. கதை உண்டு. நான் பொறுப்பு" என்று சொல்லிவிட்டேன்.

"நெசமாவா? ஏமாத்திடாத டீச்சரம்மா" என்று கொசுறாக ஒரு மீனையும் பையில் போட்டாள். எழுதியவள் நான்தான் என்று தெரிந்திருந்தால் அந்த மீன் கிடைத்திருக்குமா? அன்றைக்குக் குழம்பில் அதை வீட்டுக்காரர் தட்டில் போட்டேன். எனக்கு இறங்கவில்லை.

மறுநாள் முசே வீட்டுக்குப் போனேன். காபி கொடுத்தார், பிஸ்கட் கொடுத்தார். ஒரு சுடுசொல் கொடுத்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். அது மட்டும் இல்லை.

"நீங்க எழுதினது தப்பில்ல மதாம். உங்களுக்குப் படிக்க வருது. முடிவ சொன்னா கோவம் வரத்தான் செய்யும்."

"கடைசி வரிசைக்காரங்களுக்காகவாவது மறுபடி சொல்லுங்க முசே."

"பத்து வருஷமா சொன்னேன். எல்லாரும் கேக்கறாங்கன்னு நெனச்சேன். சிரிச்சிருக்காங்கன்னு பேப்பர பாத்துதான் தெரிஞ்சுது. இனிமே முன்னால வந்து நிக்க வராது. விட்டுடுங்க."

அவர் பின்னால் அலமாரி நிறைய நாற்பது பக்க நோட்டுகள். ஒவ்வொரு படத்தையும் வீட்டில் இரண்டு தடவை பார்த்து, தமிழில் எழுதி, ஆட்களுக்குப் பெயர் வைத்து... எதற்காக இவ்வளவு என்று கேட்டேன். காபி டம்ளரைக் கீழே வைத்தார்.

"பட்டாளத்துல சேந்த புதுசுல, பாராக்ஸ்ல படம் போடுவாங்க மதாம். எனக்கு அப்ப பிரெஞ்சு அவ்வளவா வராது. எல்லாரும் சிரிப்பாங்க. அவங்க சிரிச்சு முடிக்கறப்ப நான் சிரிப்பேன். எதுக்கு சிரிக்கறேன்னு எனக்கே தெரியாது. அது எவ்ளோ அவமானமா இருக்கும் தெரியுமா?"

எனக்குத் தெரியாது. எந்த ஹாலிலும் எனக்கு அப்படி நேர்ந்ததில்லை. அதனால்தான் அந்த அரைப் பக்கத்தை அவ்வளவு சுலபமாக என்னால் எழுத முடிந்தது.

"சரி, அப்படின்னா கதையை நானே சொல்றேன்" என்று எழுந்தேன்.

முசே என்னை வாசல் வரை வந்து வழியனுப்பினார். "போன் குராஜ், மதாம்" என்றார். தைரியமாக இருங்கள் என்று பிரெஞ்சில் வாழ்த்து. எனக்கென்னவோ எச்சரிக்கை மாதிரிதான் கேட்டது.

போன ஞாயிறு. மாடிப்படிக்கு அடியில் ஐந்து கூடைகள்! மீன் வாடையை மூச்சு முட்ட இழுத்துக்கொண்டு ஏறினேன். கடைசி வரிசையில் ஐந்து பேரும் முகம் கழுவி, பூ வைத்து உட்கார்ந்திருந்தார்கள். முன் வரிசையில் முசே, கையைக் கட்டிக்கொண்டு.

படம் ஒரு மலை நாட்டுப் படம். பல வருஷத்துக்கு முன் வீட்டைவிட்டு ஓடிப்போன அக்காவைத் தேடி தங்கை பஸ்ஸில் கிளம்புகிறாள். தூரத்து ஊர் ஒன்றில் அக்கா சாப்பாட்டுக் கடை வைத்திருக்கிறாள் என்று யாரோ சொல்லக் கேள்வி. கமிட்டியிடம் படத்தை வாங்கி, வீட்டில் இரண்டு தடவை பார்த்து, கண்ணாடி முன்னால் ஒத்திகையும் பார்த்திருந்தேன்.

ஆரம்பித்தேன். முதல் பெயரிலேயே நாக்கு சுளுக்கிக்கொண்டது. அக்கா பெயர், தங்கை பெயர் இரண்டும் ஒரே மாதிரி முடியும் பெயர்கள். இரண்டாவது நிமிஷத்தில் அக்காவே அக்காவைத் தேடிக்கொண்டிருந்தாள். ஒரு வழியாகக் கடை வாசல் வரைக்கும் கொண்டுவந்து சேர்த்தேன். அப்புறம் என் புத்தி போகுமா? குரலைத் தாழ்த்தி, "அக்கா கிடைத்தாளா... அதை நீங்களே திரையில் பாருங்கள்!" என்று முடித்தேன்.

முன் வரிசையில் ரெண்டு பேர் கை தட்டினார்கள். பின்னாலிருந்து கன்னியம்மாவின் குரல்.

"இன்னா டீச்சரம்மா, பாதியில நிறுத்திட்ட? கெடச்சாளா இல்லியா?"

"படத்துல வரும், கன்னியம்மா."

"வரும். பேசறது புரியாதே? அதுக்குத்தான கூப்ட்ட எங்கள?"

ஹால் முழுக்க என்னையே பார்த்தது. பொய் சொல்ல இடமும் இல்லை, தெம்பும் இல்லை.

"கன்னியம்மா... முசேவைப் பத்தி பேப்பர்ல எழுதின பொம்பள நான்தான்" என்றேன். "உங்களை நினைச்சுப் பாக்காம எழுதிட்டேன். தப்புதான். உங்க அஞ்சு பேர்கிட்டயும் மன்னிப்பு கேக்கறேன். முசே, உங்ககிட்டயும்."

அந்தக் கடகட ஃபேனையாவது யாராவது போட்டிருக்கலாம்.

கன்னியம்மா எழுந்து நின்றாள். "அட, அது நீதானா?" என்றாள். பக்கத்திலிருந்தவளிடம், "பாத்தியா, இவதானாம்" என்று சொல்லிவிட்டு மறுபடி என்னிடம் திரும்பினாள். "சரி, அத மார்க்கெட்டுல பேசிக்கலாம். இப்ப அக்கா கெடச்சாளா இல்லியா, அத சொல்லு."

அவ்வளவுதான் என் மகா மன்னிப்புக்குக் கிடைத்த மரியாதை! அவளுக்கு என்னைவிட அந்த அக்கா முக்கியம். தொண்டையைச் செருமிக்கொண்டு முடிவைச் சொல்ல ஆரம்பித்தேன். பஸ்ஸுக்குப் பின்னால் ஓடுவது அக்காவா தங்கையா என்று அங்கேயும் குழப்பினேன். முன் வரிசையில் ஒரு கை மெதுவாக உயர்ந்தது.

"பர்தோன், மதாம். மன்னிக்கணும்."

முசே எழுந்து வந்தார். நோட்டு இல்லை. சட்டைக் கையை ஒரு தடவை சரிசெய்துகொண்டார்.

"பேரு நம்ம வாயில நுழையாது. தங்கச்சி பேரு பூங்காவனம்னு வெச்சுக்குங்க. அக்கா தனலட்சுமி. பூங்காவனம் கடைக்குள்ள போயி உக்காருது. தனலட்சுமிக்குப் பாத்த ஒடனே தெரிஞ்சுபோச்சு. ஆனா 'நீ தேடற ஆளு நான் இல்ல'ங்கறா. சோறு போடறா. தங்கச்சி சாப்புட்டு, எதுவும் பேசாம பஸ் ஏறிடுது. பஸ் கெளம்பினதுக்கப்பறம் அக்கா ஓடி வர்றா. பஸ் நிக்காது. தனலட்சுமி சோறு போடறப்ப கைய பாருங்க. சரி, இப்ப படம் பாக்கலாம்."

கவனித்தீர்களா? நோட்டில்லாமல், தடங்கலில்லாமல் சொன்னார். சொல்லப் போவதில்லை என்று என்னிடம் கண்டிப்பாகவும் சொல்லியிருந்தார். ஆனாலும் மனுஷர் வீட்டில் உட்கார்ந்து படத்தை இரண்டு தடவை பார்த்து, பூங்காவனத்துக்கும் தனலட்சுமிக்கும் பெயர் வைத்து முடித்திருக்கிறார். சொல்லாத அத்தனை வாரமும் அப்படியே செய்திருப்பாரோ? கேட்கும் துணிச்சல் எனக்கு வரவில்லை. விளக்கை அணைத்தார்கள்; அந்த இருட்டு எனக்கு அப்போது ரொம்பத் தேவையாக இருந்தது.

அன்றைக்கு நான் சப்டைட்டிலைப் படிக்கவில்லை. சத்தியமாக. கண் அடிக்கடி கீழே இறங்கியது. இழுத்து இழுத்து மேலே கொண்டுவந்தேன். தனலட்சுமி சோறு போடும்போது கரண்டி தட்டில் படாமல், சத்தம் வராமல் வைக்கிறாள். தூங்குகிற குழந்தைக்குப் பக்கத்தில் வைப்பது மாதிரி. இரண்டு தடவை வீட்டில் பார்த்திருக்கிறேன், இது என் கண்ணில் படவே இல்லை.

கடைசிக் காட்சியில் பஸ் நகர்ந்தது. பின் வரிசையிலிருந்து ஒரு குரல் மெதுவாக, "திரும்பிப் பாருடி பூங்காவனம்..." என்றது. இன்னொரு குரல், "திரும்புடி" என்றது. பஸ் நிற்காது என்று அவர்களுக்குத் தெரியும். தெரிந்தும் கூப்பிட்டார்கள். நானும் கூப்பிட்டேன்.

படம் முடிந்து இறங்கும்போது கூடையை எடுத்துக்கொண்டே கன்னியம்மா சொன்னாள்: "டீச்சரம்மா, நீ பேப்பர்ல எழுது. கதைய முசே சொல்லட்டும்." உத்தரவு!

எனக்கு நன்றி சொல்லிப் பழக்கம் குறைவு. ஆனாலும் முசேவுக்கு நன்றி. நான் கெடுத்த ஒன்றைத் திரும்ப எடுத்துக் கொடுத்ததற்கு. கன்னியம்மாவுக்கும் நன்றி — அந்தக் கொசுறு மீனைத் திருப்பிக் கேட்காததற்கு. இந்த வயதில் படம் பார்க்கக் கற்றுக்கொண்டதற்கு யார் யாருக்கோ நன்றி.

உங்களுக்கும்தான். நான் மன்னிப்பு கேட்பேன் என்று முதல் வரியிலேயே தெரிந்தும், கடைசி வரைக்கும் உட்கார்ந்திருந்தீர்கள், இல்லையா?